கீழே என்றால் எங்கே

அந்தத் தெருவில் யாருக்கும் இடது கை, வலது கை கிடையாது. கைகள் இருக்கின்றன, ஆளுக்கு இரண்டு வீதம் ஒழுங்காகவே இருக்கின்றன. பெயர்தான் வேறு. ஆற்றை ஒட்டி ஒரே வரிசையாகப் போகிற தெரு அது; ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மேடு. ஆகவே அவர்களுக்கு எல்லாமே தண்ணிப் பக்கம், மேட்டுப் பக்கம்தான். ஆறு வருகிற திசை மேலே. ஆறு போகிற திசை கீழே. மற்றவர்கள் மேலே, கீழே என்று எதைச் சொல்கிறார்களோ அதற்கு இங்கே மாடி, அடி என்று பெயர். மாடியில் இருக்கிறவன் அடிக்கு இறங்குவான். கீழே போகிறேன் என்று சொன்னால் ஆற்றோட்டத்தோடு போகிறான் என்று அர்த்தம். திரும்பி வரச் சாயங்காலம் ஆகும்.

இதனால் நடந்த கூத்துகளுக்குக் கணக்கே இல்லை. ஒருத்தர் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணிப் பக்கக் காது வலிக்கிறது என்றார். அது எந்தக் காது என்று டாக்டர் கேட்க, வீட்டில் உட்கார்ந்தால் தண்ணிப் பக்கம், இங்கே என்னைத் திருப்பி உட்கார வைத்துவிட்டீர்கள், அதனால் இப்போது மேட்டுப் பக்கம் என்று பொறுமையாக விளக்கினாராம். இன்னொரு முறை முடிதிருத்துகிறவரைத் தேடி ஒரு வெளியூர்க்காரர் வந்தார். அவர் மேலே போய்விட்டார் என்று தெருவில் சொன்னார்கள். வந்தவர் முகம் வாடிப்போய், நல்ல மனுஷன், போன மாதம்கூடப் பேசினேனே என்று கண் கலங்கி, வீட்டுக்குள் போய் மனைவியிடம் நாலு வார்த்தை ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். முடிதிருத்துகிறவர் அன்று சாயங்காலமே டவுனிலிருந்து புதுக் கத்தரிக்கோலோடு படகில் வந்து இறங்கினார். அந்த ஆள் எதற்காக அழுதார் என்று மனைவிக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

தெரு உண்டான கதையும் இதே மாதிரி ஏடாகூடமானதுதான். சுங்கம் கட்டாமல் சரக்கு ஏற்றிக்கொண்டு போன ஒரு பெரிய படகு, தண்ணீர் வற்றின சமயத்தில் மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் ஏறட்டும், கிளம்பலாம் என்று கரையில் நாலு தட்டி மறைத்து அடுப்பு மூட்டினார்கள். சுங்கக்காரர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சரக்கு எங்கே, யார் இறக்கியது, யார் பார்த்தது என்று கேள்வி மேல் கேள்வி. எங்களுக்கு என்ன தெரியும், தண்ணிதான் பார்த்துச்சு என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாளாம். பெரியவர்கள், பிள்ளைகள் என்று அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வந்தவர்கள் சலித்துப்போய்த் திரும்பினார்கள். அப்புறம் தண்ணீர் ஏறியது. அதற்குள் ஒரு பிரசவம் ஆகியிருந்தது, ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பூசணிக்கொடி கூரையேறியிருந்தது. யாருக்கும் கிளம்ப மனசு வரவில்லை. படகை உடைத்து வீடுகளுக்குக் கதவு போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் பழைய வீடுகள் சிலவற்றில் கதவுப் பலகை வளைந்திருக்கும். எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் ஒரு விரல் இடைவெளி விடும்.

சுங்கமும் போயிற்று, சுங்கக்காரர்களும் போனார்கள், "தண்ணிதான் பார்த்துச்சு" மட்டும் தங்கிவிட்டது. ஆற்றங்கரையில் கண்ணில் பட்டதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எவன் எவளோடு படித்துறையில் நின்றான், யார் வீட்டுப் படகு இருட்டின பிறகு எந்தப் பக்கம் போயிற்று, எந்தத் தகப்பன் யாருக்கும் தெரியாமல் கரையில் உட்கார்ந்து அழுதான், எதையும் சொல்லக் கூடாது. பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கதவிலேயே விரல் இடைவெளி இருக்கும்போது பார்ப்பதற்கு என்ன குறை? எல்லாரும் பார்ப்பார்கள், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மரியாதையால் கெட்டவள் ஒருத்தி உண்டு.

அவளைக் கித்தான்காரி என்பார்கள். படகுக்கும் லாரிக்கும் கித்தான் தைப்பது அவள் தொழில். ஐம்பதைத் தாண்டியவள், தோள்கள் இரண்டும் ஆம்பிளைக்கு இருப்பது போல இருக்கும். கனத்த கித்தானைத் தள்ளித் தள்ளி வந்த தோள்கள். வீட்டின் அடியில் அண்ணனுடைய படகுப் பட்டறை. மாடியில் முன்னறை அவளுக்கு, பின்னறைகள் அண்ணன் குடும்பத்துக்கு. முன்னறையில் பெரிய தையல் மிஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய கித்தான், ஆணியில் தொங்கும் மெழுகு நூல், டப்பா நிறையப் பித்தளை வளையங்கள், கோணி ஊசியை அழுத்தித் தள்ள உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற தோல் பட்டை. மிஷினை அவள் ஜன்னலோரமாகப் போட்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால், ஆறு போகிற பக்கத்துப் படகுத்துறையான கீழ்த்துறை தெரியும். வெளிச்சத்துக்காகப் போட்டேன் என்பாள். வெளிச்சம் எதிர் ஜன்னலில்தான் அதிகம். அதை யாரும் அவளிடம் எடுத்துச் சொன்னதில்லை.

கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வரன் வந்தது. ஒருத்தனுக்குப் பல் சரியில்லை என்றாள். இன்னொருத்தனுக்குப் பல் ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள். அதோடு அண்ணன் கை கழுவிவிட்டான்.

இளம் வயதில் அவளுக்கு ஒருத்தன் இருந்தான். ஆற்றின் ஆழத்தை அளக்க அரசாங்கம் அனுப்பிய ஆள். பெரிய அதிகாரி என்று சொல்ல முடியாது. கோடு போட்ட ஒரு கம்பு, ஈயக் குண்டு கட்டின ஒரு கயிறு, ஏதோ கருவி வைத்த ஒரு மரப்பெட்டி, இவ்வளவுதான் அவனுடைய ராஜ்யம். படகுத்துறைச் சீட்டுக் கொட்டகையின் பின்னறையில் தங்கினான். போகிற வருகிறவரிடமெல்லாம் இங்கே ஆழம் எவ்வளவு, அங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டுத் துளைத்ததால் தெரு அவனுக்கு ஆழம் என்றே பெயர் வைத்தது. ஆழம் சாப்பிட்டாச்சா, ஆழத்துக்கு ஜலதோஷம், ஆழம் தண்ணியில வழுக்கி விழுந்துட்டாரு என்று தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு.

மரப்பெட்டியின் கித்தான் உறை கிழிந்துவிட்டது என்று அவளிடம் கொண்டுவந்தான். தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் கிழிந்தது. அதற்கடுத்த வாரமும். கித்தான் தானாகக் கிழிந்தால் கோணல் மாணலாகக் கிழியும். இது ஒவ்வொரு தடவையும் கோடு போட்ட மாதிரி கிழிந்திருந்தது. அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தெரியாதது போல, பொடிப் பொடித் தையலாகப் போட ஆரம்பித்தாள். பெரிய தையல் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். அவன் கரையில் உட்கார்ந்து கத்தியால் உறையைக் கிழிப்பதைத் தெருவே பார்த்தது. ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

தெருப் பேச்சை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். மூன்றே மாதத்தில் தண்ணிப் பக்கம், மேட்டுப் பக்கம், மேலே, கீழே எல்லாம் அவன் வாயில் சரளமாக வந்தது. வெளியூர்க்காரன் என்று சொல்லவே முடியாது என்று படகோட்டியின் மனைவியே சர்டிபிகேட் கொடுத்தாள். கித்தான்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் முறையாக அண்ணனிடம் வந்து கேட்டான். அண்ணன் உளியைத் தீட்டிக்கொண்டே, பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள். அது எல்லா ஊரிலும் அப்படித்தான், அதற்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. அப்பா போன பிறகு பட்டறையும் கித்தானும் சேர்ந்துதான் அந்த வீட்டை நிமிர்த்தின. வெளியூர்க்காரன் இன்றைக்கு இருப்பான், நாளைக்கு மாற்றல் என்பான் என்று அண்ணன் மனைவியிடம் சொன்னான். அண்ணன் சொன்ன மாதிரியே மாற்றலும் வந்தது.

கிளம்புகிற நாளன்று அவன் உறையை வாங்கிக்கொள்ள வந்தான். அண்ணன் படகு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க மேலே போயிருந்தான். அண்ணி பின்னறையில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவன் உறையைக் கையில் வாங்கி, மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தான்.

"சாயங்காலம் கீழே நிக்கிறேன். எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேன். நீ வந்துடு," என்றான்.

அவள் தலையாட்டினாள். இருட்டுகிற நேரத்தில் நாலு துணியை ஒரு கித்தான் துண்டில் சுற்றிக்கொண்டு, தெருப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கப் படியால் இறங்கி, வீடுகளின் பின்னால் நடந்து கீழ்த்துறைக்குப் போனாள். கடைசிப் படியில் நின்றாள். ஒவ்வொரு படகாக வந்து போயிற்று. கால் கடுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் இருட்டில் அவனுக்குத் தெரியாது என்று மறுபடி எழுந்து நின்றாள். கொசு பிடுங்கியது. கடைசிப் படகும் போய், எதிர்க்கரை விளக்குகளும் அணைந்தபின் வீட்டுக்கு வந்தாள். அண்ணி கதவைத் திறந்தாள். கையில் மூட்டையோடு நின்றவளை ஏன், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். மறுநாள் விடிந்தபோது சீட்டுக் கொட்டகையின் பின்னறை காலியாக இருந்தது.

அதற்கப்புறம் முப்பது வருஷம் ஓடிவிட்டது. அவனைத் திட்டுவது அவளுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. ஊசி விரலில் குத்தினால் அவனைத் திட்டுவாள், நூல் அறுந்தால் அவனைத் திட்டுவாள், மழை சரியாகப் பெய்யாவிட்டாலும் பாவம் அவன் தலைதான் உருளும். எல்லாம் மனசுக்குள்ளேதான். ஆனால் கீழ்த்துறையில் முகம் தெரியாத யாராவது இறங்கினால் மிஷினை மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். இறங்கியவன் வேறு ஆள் என்று தெரிந்ததும் மறுபடி மிதிக்கும். ஏமாற்றிவிட்டுப் போனவனுக்காக ஏங்கினாள். அதற்கு நாசூக்கான வேறு பெயர் எதுவும் கிடையாது.

இப்படி இருக்கையில் படகோட்டி வீட்டுக்கு டவுனிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். நல்ல பெண்தான், வாய் மட்டும் ஓயாது. தெருவில் நாற்பது வீடும் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் ஈடுகட்ட வந்தவள் போலப் பேசினாள். ஒரு நாள் மாமனாருடைய படகுக் கூரைக் கித்தானைத் தூக்கிக்கொண்டு கித்தான்காரியிடம் வந்தாள். ஓரத்தில் நாலு வளையம் பிய்ந்திருந்தது. கித்தான்காரி புது வளையம் அடிக்க, மருமகள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை தவறி ஒரு வளையம் விழுந்தது.

"ஐயோ, கீழே விழுந்துடுச்சுக்கா," என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தரையில, தரையில. எங்க மாமியார் காதுல விழுந்தா அவ்வளவுதான். வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க."

என்ன சொன்னார்கள் என்று கித்தான்காரி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் சொல்றதுதானாம். மேலே கீழே ரெண்டையும் ஒழுங்கா கத்துக்கோ, இல்லாட்டி கித்தான்காரி கதிதான் உனக்கும்னாங்க. அவ ஆளு வீட்டுக்கு அடியில நின்னான், இவ கீழ்த்துறையில போய் நின்னா, ஒரே சாயங்காலம், ஒரே தெரு, ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்லைன்னு. எனக்குக் கேக்கவே பாவமா இருந்துச்சுக்கா."

கித்தான்காரி கையில் இருந்த சுத்தியல் அடுத்த அடியைச் சரியாகத்தான் அடித்தது. அதற்கடுத்த அடி விரலில் விழுந்தது. அவள் கத்தவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு, யாரெல்லாம் பார்த்தார்களாம் என்று கேட்டாள். எல்லாரும்தான் என்றாள் மருமகள். சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைக் கவனித்தாள். உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்டாள். கித்தானை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனாள்.

கீழே. அவன் சொன்ன கீழே. கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு நிமிஷம் மறந்து, வெளியூர்க்காரனாகவே பேசிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு முன்னால், பட்டறை வாசலில் வந்து நின்றிருக்கிறான். அவள் அவனுக்குத் தெரியக் கூடாதென்று இல்லை, தெருவுக்குத் தெரியக் கூடாதென்று பின்பக்கமாகப் போயிருக்கிறாள். தெருவுக்கோ எல்லாமே தெரிந்திருக்கிறது. அதுமட்டுமா, அவள் காதுக்கு மட்டும் வராமல், அவள் வாழ்க்கை வருகிற மருமகளுக்கெல்லாம் வாய்ப்பாடாகவும் ஆகியிருக்கிறது.

அண்ணி பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்து, முட்டிவலி வந்து, கைக்குழந்தையாக இருந்தவனுக்கே கல்யாணம் முடிந்துவிட்டது.

"அன்னைக்கு அவரு வந்தாரா, அண்ணி?"

என்றைக்கு, யாரு என்று அண்ணி கேட்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

"வந்தாரு. பட்டறை வாசல்ல நின்னாரு. நான் முன்னறையில விளக்கை ஏத்தி வச்சுட்டுப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்தேன். மாடியையே பார்த்துட்டு நின்னாரு. என் நிழலை உன் நிழல்னு நினைச்சிருப்பாரு போல. நீ அந்தப் பக்கமா இறங்கினதும் எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?"

அண்ணி நிஜமாகவே குழம்பிப்போனாள். அம்மணமாகத் தெருவில் ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டால் எப்படி முழிப்பாளோ அப்படி முழித்தாள். யாராவது சொல்வார்களா என்றாள். பல தடவை நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு என்றாள். மடித்த துணியையே எடுத்து மறுபடியும் மடித்தாள். உன் மானத்துக்காகத்தான் எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கோம்னு நினைச்சேன் என்றாள்.

கித்தான்காரிக்குத் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சண்டை போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. போட முடியவில்லை. அவளும் இந்தத் தெருக்காரிதானே. அந்த ஜன்னலில் உட்கார்ந்து அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! முடிதிருத்துகிறவரின் மகள் பெட்டியோடு விடியற்காலையில் படகேறியதைப் பார்த்தாள். தகப்பன் மூன்று நாள் தேடி அலைந்தபோது எதிரில் வந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அது மரியாதையாக இருந்தது. ஆகவே யார் மேல் பாய்வது என்று தெரியாமல் முன்னறையில் போய் உட்கார்ந்து அழுதாள். தான் அழுவது கதவின் விரல் இடைவெளி வழியாக யாருக்கோ கேட்கும், கேட்டவர் சொல்ல மாட்டார் என்பது நினைவு வந்ததும் இன்னும் கூட அழுதாள்.

அழுது முடித்தபோது ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. அவன் ஏமாற்றவில்லை. அவள்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். மாடி ஜன்னலில் விளக்கு எரிய, இறங்கி வராமல் இருந்துவிட்ட கல்நெஞ்சுக்காரி என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருப்பான். நான் வந்தேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். செத்துப்போவதற்குள் தெரிந்தாக வேண்டும். அதற்கும் அடியில் இன்னொரு ஆசை இருந்தது. அவனும் ஒருவேளை என்னைப் போலவே தனியாக இருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் காது சூடேறியது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் மறுநாள் இஸ்திரி போட்ட சேலையை எடுத்தபோது, எடுத்தது அவளிடம் இருந்ததிலேயே நல்ல சேலை.

விலாசம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. மருமகளின் தகப்பனார் டவுனில் நீர்வள ஆபீஸில் காவலாளியாக இருந்தவர். ஆழம் அளக்கிறவரா, எங்க அப்பாவுக்கு நல்லா தெரியுமே, ரிட்டயர் ஆகி ஆபீஸுக்குப் பின் தெருவிலேயே இருக்காரு, தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கித்தான்காரி, போதும்மா என்று நிறுத்திவிட்டாள். மீதியை வேறு யாரிடமிருந்தும் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை.

மேலே போகிற படகில் ஏறினாள். படகோட்டி அவள் சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எங்கே என்று கேட்கவில்லை. துடுப்பைப் போட்டார். கேளேன்யா என்று சத்தம் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. வழி நெடுக ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வந்தேன், நீங்கதான் இடம் மாறி நின்னுட்டீங்க. கோபமாகச் சொல்லிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே சொல்வதுதான் நன்றாக இருந்தது. கேட்டதும் அவன் எப்படி அதிர்ந்துபோவான், தலையில் கை வைத்துக்கொள்வான் என்று யோசித்துக்கொண்டே போனாள்.

தண்ணித் தொட்டிக்கு எதிர் வீட்டில் ஒரு பெண்மணி கதவைத் திறந்தாள். சிவந்த, அகலமான, நல்ல முகம். வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள். அதில் இரண்டு குழந்தைகளுடையவை. கித்தான்காரிக்கு அந்தச் செருப்புகளைப் பார்த்ததும் போதும் என்று இருந்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அந்தப் பெண்மணி, அவரைப் பார்க்கணுமா, உள்ளே வாங்க என்று கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்தாள். டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனாள்.

அவர் பேப்பரை மடித்துக்கொண்டே வந்தார். முன் தலை வழுக்கையாகியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். வாங்க என்றார். அப்புறம் அந்தத் தோள்களைப் பார்த்தார். பேப்பர் கையிலிருந்து நழுவியது. எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீயா," என்றார்.

சிரித்துக்கொண்டே சொல்வதாக ஏற்பாடு. சிரிப்பு வரவில்லை.

"நான் வந்தேன். அன்னைக்கு நான் கீழ்த்துறையில வந்து நின்னேன். கடைசிப் படகு போற வரைக்கும் நின்னேன். வரலைன்னு நினைச்சுடாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் அதிரவில்லை. தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

அவளுக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. அவர் தாழ்ந்த குரலில், உள்ளே கேட்காதபடி சொன்னார். போய் நாலு வருஷம் கழித்து, அவர்கள் தெருக்காரர் ஒருத்தர் ஆபீஸுக்கு ஏதோ மனு கொண்டு வந்தாராம். இதை இன்றைக்கே கீழே கொண்டு போகணும் என்றாராம். இவர் மாடிப்படியைக் காட்டினாராம். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்து, எங்க தெருவுல இத்தனை நாள் இருந்துட்டுப் போயும் உங்களுக்கு இன்னும் இது வரலையா என்றாராம்.

"படிக்கட்டுலயே உட்கார்ந்துட்டேன். உன்கிட்ட என்ன வார்த்தை சொல்லிட்டு வந்தேன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. பயந்துபோயிருந்தேன் அன்னைக்கு. பயத்துல எங்கம்மா பேசின பேச்சுதான் வாயில வந்துச்சு. நீ சொல்லிக் குடுத்தது வரல."

அப்போது அவருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மூத்த பெண் தொட்டிலில் இருந்தாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று தூக்கத்திலிருந்து எழுந்து சிணுங்கியது. ஒரு சின்னக் குரல் தாத்தா எங்கே என்று கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே," என்றாள் அவள். "எங்க தெரு ஆள்கிட்டயே சொல்லியிருக்கலாம்."

"கிளம்பிட்டேன் ஒரு தடவை. படகுத்துறை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். சொன்னா நீ எனக்காக உட்கார்ந்திருப்பியோன்னு பயம். தெரியாம இருந்தா என்னை நல்லா திட்டித் தீர்த்துட்டு, உன் வாழ்க்கையைப் பார்த்துக்கிட்டுப் போயிடுவியேன்னு நினைச்சேன். உன் நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்."

அவர் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாற்பது வீட்டுத் தெரு முழுக்க அவள் நல்லதுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவுக்கு வெளியே இவர் ஒருத்தராவது வேறு மாதிரி இருப்பார் என்று நம்பி வந்தாள். இவரோ தெருக்காரரை விடத் தெருக்காரராக இருந்திருக்கிறார். அவளுக்கு அவரைத் திட்ட ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. வருஷக்கணக்காகத் திட்டித் திட்டி இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"திட்டிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "ஆனா உட்கார்ந்துட்டும்தான் இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அவர் மனைவி டீயோடு வந்துவிட்டாள். சர்க்கரை போதுமா பாருங்க என்றாள். கித்தான்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, போதும்மா, சரியா இருக்கு என்றாள்.